எந்தப் புதுக்குடியிருப்பு? ஊர்ப் பெயரை எல்லையோடு எழுதுவோம்



"சொந்த இடம் எது?" இடம்பெயர்ந்த நாள் முதல் நீங்கள் எத்தனையோ தடவை எதிர்கொண்ட கேள்வி இது. முகாமில் பதிந்தவர் கேட்டார். பிள்ளையைச் சேர்க்கப் போனபோது அதிபர் கேட்டார். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகைக்கு அறை தேடியபோது வீட்டுக்காரரும் கேட்டார். நீங்களும் ஒரு சொல்லில் பதில் கூறினீர்கள்: புதுக்குடியிருப்பு, கல்முனை, நல்லூர் என்று. கேட்டவர் உங்கள் பகுதியைச் சேர்ந்தவராயின் அந்த ஒரு சொல் போதும். மிச்சத்தை அவரே அறிவார். ஆனால் கேட்பவர் அப்பகுதியை ஒருபோதும் காணாதவராயின் அது போதாது. இன்று அடிக்கடி நேர்வதுபோல் கேட்பது ஒரு கணனியாயின் நிச்சயமாகப் போதாது.

இதை ஏன் இப்போது எழுத வேண்டும்? 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2430ஆம் இலக்க வர்த்தமானி வெளியாயிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி அதில் அடங்கியது. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகிவிடும் என்ற அச்சம் எங்கும் பரவியது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மூன்று மாதங்களில் கொழும்பிலும் இந்தியாவிலும் கனடாவிலும் வாழும் குடும்பங்கள் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது: "பட்டியலில் உள்ள இடம் எங்கள் இடமா?" இதற்கு விடை காண முதலில் கையிலெடுப்பது ஊர்ப் பெயரைத்தான். பெயரோ பல சமயங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டும்.

எழுத்தில் வரும் ஊர்ப் பெயர் பூமியில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று கண்டறிவது இன்று கணனித் துறையில் ஒரு தனி ஆய்வாகவே வளர்ந்துள்ளது. அது எவ்வாறு நடைபெறுகிறது, நம்மைப் போன்றோரின் விடயத்தில் எங்கே சறுக்குகிறது, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கு பார்ப்போம்.

ஒரே பெயர், பல ஊர்கள்

புதுக்குடியிருப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு. இரணைப்பாலை, ஆனந்தபுரம், உடையார்கட்டு என்பன அதன் அயலூர்கள். மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு. அது தாழங்குடா, கிரான்குளம் பக்கம். மன்னார்த் தீவிலும் எருக்கலம்பிட்டிக்கு அயலில் ஒன்று உண்டு. இதில் வியப்பில்லை. புதிதாகக் குடியேறிய மக்கள் தாம் குடியேறிய இடத்தைப் புதுக்குடியிருப்பு என்றனர். அவ்வளவுதான். எங்கெல்லாம் மக்கள் பெயர்ந்து போய்க் காடு வெட்டிக் குடியமர்ந்தார்களோ அங்கெல்லாம் இப்பெயர் தோன்றலாம்.

நல்லூர் யாழ்ப்பாணத்தில் உண்டு, பூநகரியிலும் உண்டு. கொக்குவில் யாழ்ப்பாணத்தில் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. பாலாவி என்றால் புத்தளத்தார் தமது ஊரை நினைப்பர். மன்னாரில் அது திருக்கேதீச்சரத்தின் தீர்த்தம். கிழக்கிலே கல்முனை பெருநகரம். வடக்கிலே பூநகரியின் முனையிலும் ஒரு கல்முனை இருக்கிறது. போர்க்காலச் செய்திகளில் இரண்டு கல்முனைகளும் வந்தன. தலைப்பை மட்டும் வாசித்தவருக்கு எது எதுவென்று விளங்காது.

இந்தக் குழப்பம் நமது முன்னோருக்கும் தெரிந்ததே. இன்றைய காரைநகர் ஒரு காலத்தில் காரைதீவு என்றே வழங்கியது. கிழக்கிலும் காரைதீவு, புத்தளத்திலும் காரைதீவு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் காரைதீவு காரைநகர் ஆயிற்று. ஆகவே மிகப் பழைய உறுதியொன்றில் காரைதீவு என்று கண்டால் உடனே கிழக்குக்குப் பஸ் ஏற வேண்டாம்!

கடல் கடந்தும் இதே கதைதான். இங்கிலாந்தின் லண்டனை அறியாதவர் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு. ரொறன்ரோவில் நம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் பெயர் இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினமொன்றின் பெயர். "மகன் லண்டனில்" என்று எழுதும் தாய் எந்த லண்டனைச் சொல்கிறார் என்பது கடித உறையின் முத்திரையைப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒரே ஊர், பல பெயர்கள்

மறுபுறத்தில் ஒரே இடம் பல பெயர்களைச் சுமக்கிறது. ஆனையிறவை ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ் என்பர், சிங்களத்தில் அலிமங்கட என்பர். ஒலியால் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பொருளால்தான் உறவு. மணலாறு சிங்களத்தில் வெலிஓயா ஆயிற்று. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய இடங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அரச பத்திரங்களில் மணலாறு என்று மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவர்.

ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கேய்ற்ஸ், நெடுந்தீவு டெல்ப்ற். பருத்தித்துறை பொயின்ற் பீட்ரோ. போர்த்துக்கேயர் 'பாறை முனை' என்ற பொருளில் வைத்த பெயரே பின்னர் பீட்ரோ என்ற ஆளின் பெயர்போல் திரிந்தது. இவற்றோடு எழுத்து வேறுபாடு வேறு. வட்டுக்கோட்டையையும் முள்ளியவளையையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். திருநெல்வேலியை நாம் பேச்சில் தின்னவேலி என்கிறோம். போர்க்கால ஆங்கில அறிக்கைகளில் புதுக்குடியிருப்பு பி.ரி.கே. என மூன்றெழுத்தாகச் சுருங்கியது. கணனிக்கு எவரும் சொல்லிக்கொடுக்காவிட்டால் இவை ஒவ்வொன்றும் அதற்கு வெவ்வேறு இடமே.

ஊரைச் சொல்லாத ஊர்ப் பெயர்

மூன்றாவது தொல்லை, ஊர்ப் பெயர்போலத் தோன்றினும் ஊரைக் குறிக்காத சொற்கள். தமிழில் காலி என்பது தெற்கிலுள்ள நகரம். வெறுமை என்றும் பொருள்படும். "வீடு காலி" என்று எழுதினால் வீடு காலி நகரில் இருப்பதாகக் கொள்ளலாமா? முல்லைத்தீவுக் கரையில் சாலை என்றோர் இடம் உண்டு. தெருவும் சாலைதான். மடு என்றால் நமக்கு மடுமாதாவின் திருத்தலம். அதே சொல் இரணைமடுவிலும் பெரியமடுவிலும் வால்போல ஒட்டியிருக்கிறது. சிதம்பரம், பழனி என்பன ஊர்களும் ஆட்களும்.

வெள்ளவத்தையில் வாழ்வோருக்கு இன்னொரு உதாரணம் நன்றாகத் தெரியும். உங்கள் முகவரியில் 'காலி வீதி' இருக்கிறது. நீங்கள் காலியில் இல்லை. யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி உண்டு, வவுனியாவில் மன்னார் வீதி உண்டு. வீதிக்கு அது போய்ச் சேரும் ஊரின் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே வீதிப் பெயர் நீங்கள் நிற்கும் இடத்தையல்ல, வீதி போகும் திசையையே சொல்லும்.

கணனி எவ்வாறு தெரிவு செய்கிறது?

கணனி இவ்வேலையை இரு படிகளில் செய்கிறது. முதலாவது படி, ஒரு பந்தியில் எந்தச் சொற்கள் இடப் பெயர்கள் என்று பிரித்தறிவது. தமிழில் இது சற்றுக் கடினம். மாங்குளம் 'மாங்குளத்திலிருந்து' என்றாகும், புதுக்குடியிருப்பு 'புதுக்குடியிருப்பில்' என்றாகும். வேற்றுமை உருபைக் கழற்றி மூலப் பெயரைக் காண வேண்டும். ஆங்கிலத்தில் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதால் ஓரளவு உதவி கிடைக்கும். தமிழில் அந்த வசதியும் இல்லை.

இரண்டாவது படி, அந்தப் பெயருடைய இடங்களில் எது என்று தீர்மானிப்பது. இதற்கு ஊர்ப் பெயர் அகராதி ஒன்று வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஜியோநேம்ஸ் என்ற உலகளாவிய தொகுப்பில் பல மில்லியன் பெயர்கள் உள்ளன. அகராதியில் மூன்று புதுக்குடியிருப்பு இருந்தால் மூன்றும் போட்டியிடும். வெற்றியாளரைத் தெரிய கணனி சில விதிகளை வைத்திருக்கிறது.

முதலாம் விதி: பெரியது வெல்லும். வேறு சான்று இல்லையெனில், மக்கள் தொகை கூடிய இடத்தையே எடுத்துக்கொள்ளும். லண்டன் என்றால் இங்கிலாந்து. பெரும்பாலும் இது சரியாகவே அமையும்.

இரண்டாம் விதி: அயல் சொல்லும். ஒரே பந்தியில் கல்முனையோடு சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு என்பன வந்தால் அது கிழக்கு. பூநகரி, நாகதேவன்துறை என்பன வந்தால் வடக்கு. எல்லாப் பெயர்களும் ஒன்றுக்கொன்று கிட்ட அமையும் விடையையே கணனி விரும்பும்.

மூன்றாம் விதி: மேல் இடம் காட்டும். பெயருக்குப் பின்னால் மாவட்டமோ நாடோ எழுதப்பட்டிருந்தால் அதற்குள்ளேயே தேடும்.

நான்காம் விதி: ஒரு கட்டுரையில் ஒரு பெயர் ஓர் இடமே. தொடக்கத்தில் எந்த நல்லூரோ முடிவிலும் அதே நல்லூர் என்று கொள்ளும்.

இவ்விதிகளை ஒப்பிட்டுச் சோதிப்பதற்காக 2005 முதல் 2008 வரை ஐரோப்பாவில் ஜியோக்ளெஃப் என்ற பரிசோதனை ஆண்டுதோறும் நடைபெற்றது. இன்று பயன்படும் புதிய முறைகள் ஏராளமான எழுத்துகளை வாசித்துத் தாமாகவே பழகிக்கொள்கின்றன. எனினும் அவை பழகுவதும் இத்தகைய தடயங்களைக் கொண்டே. எந்த ஊரைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதோ அந்த ஊரையே அவை நன்கு அறியும்.

நம் விடயத்தில் ஏன் பிழைக்கிறது?

இவ்விதிகள், இருந்த இடத்தில் இருப்பவருக்காக அமைந்தவை. இடம்பெயர்ந்தவரின் எழுத்தில் அவை ஒவ்வொன்றாகத் தளர்கின்றன.

பெரியது வெல்லும் என்றால் சிறிய கிராமம் எப்போதும் தோற்கும். பூநகரிக் கல்முனையார் தமது ஊரின் பெயரை மட்டும் எழுதினால், கிழக்கின் கல்முனையே முன்வந்து நிற்கும். வாக்கெடுப்பில் சிறுபான்மை தோற்பதுபோல் இங்கும் சிறிய ஊர் தோற்கிறது. அதற்கு எவருடைய பகையும் தேவையில்லை. விதி அப்படி. நூறு வீடுகளே இருந்த ஊர், போரில் அந்த வீடுகளும் இல்லாமற் போன ஊர், அகராதியில் ஏறாமலே விடப்பட்டிருக்கவும் கூடும்.

அயல் சொல்லும் என்ற விதி இன்னும் மோசமாகக் கைவிடுகிறது. இருந்த இடத்தில் வாழ்பவரின் கடிதத்தில் ஊர், சந்தை, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கும். நமது குடும்பக் கடிதத்திலோ மன்னார், மடு, வவுனியா முகாம், வெள்ளவத்தை, திருச்சி, ஸ்காபரோ என்று ஆறு இடங்கள் வரும். எல்லாம் கிட்ட இருக்க வேண்டும் என்று நினைக்கும் கணனிக்கு இது விளங்காத வாழ்க்கை.

கொழும்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அந்தோனியார் திருத்தலம் இருப்பது கொழும்பு 13இல், கொட்டாஞ்சேனைக்கு அயலில். ஆனால் நீர்கொழும்புக்கு வடக்கிலும் கொச்சிக்கடை என்றொரு பட்டினம் இருக்கிறது. ஒரே செய்தியில் கொச்சிக்கடையும் நீர்கொழும்பும் சேர்ந்து வந்தால், அயல் விதி அந்த மற்றக் கொச்சிக்கடையையே காட்டும். 'கொழும்பு 13' என்ற சிறு குறிப்போ திருத்தலத்தின் பெயரோ உடனிருந்தால்தான் சரியான இடம் தெரியும். உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று தூரத்திலிருந்து தேடுபவருக்கு இது சிறு குறிப்பு அல்ல.

மேலும், நம் பத்திரங்களில் இரண்டு வகை இடங்கள் உண்டு: நாம் இருந்து எழுதும் இடம், நாம் எதைப் பற்றி எழுதுகிறோமோ அந்த இடம். இந்த வேறுபாட்டின் கனதி கொழும்பில் வாழ்ந்தோருக்குத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்று இருந்த இடம் கணக்கில் எடுக்கப்படவில்லை, சொந்த இடமே பார்க்கப்பட்டது. காணிக் கடிதமொன்றைக் கணனி வாசிக்கும்போது மறுபக்கமாகத் தவறலாம். கடிதத்தின் தலையிலுள்ள கொழும்பு முகவரியைப் பிடித்துக்கொண்டு, வயல் இருக்கும் ஊரை விட்டுவிடலாம்.

பெயர் ஆட்களோடு கூடப் பயணிப்பதும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது அங்குள்ள பாடசாலைகள் பல, வேறு ஊர்களில் தமது பழைய பெயரோடே இயங்கின. இரணைதீவு மக்கள் 1992இல் தீவை விட்டுப் பெயர்ந்து, பெருநிலத்தில் இரணைமாதாநகரில் வாழ்ந்து, 2018இல் மீண்டும் தீவில் கால் பதித்தனர். இரணைதீவு, இரணைமாதாநகர், இரணைமடு, இரணை இலுப்பைக்குளம்: நான்கும் வெவ்வேறு இடங்கள். முதற்பகுதியை மட்டும் பார்ப்பவர் நான்கையும் குழப்புவார்.

ஆண்டும் ஓர் எல்லை

மாவட்டத்தை எழுதிவிட்டால் போதுமா? அதுவும் காலத்தோடு மாறியது. அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் கல்முனையில் பிறந்தவரின் சான்றிதழ் மட்டக்களப்பு மாவட்டம் என்றே கூறும். முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. நீர்கொழும்பு 1978இல் கம்பஹா மாவட்டம் உருவாகும்வரை கொழும்பு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 1975இல் எழுதிய பத்திரத்தில் 'யாழ்ப்பாண மாவட்டம், பரந்தன்' என்றிருப்பது எழுதியவரின் பிழையன்று. இன்றைய அலுவலர் அதைப் பிழையென்று ஒதுக்காதபடி நாமே விளக்க வேண்டும்.

வன்னி என்ற சொல்லும் இவ்வாறே. தேர்தல் மாவட்டமான வன்னி என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி அதில் இல்லை. தேர்தலில் அது யாழ்ப்பாணத்தோடு சேரும். ஆனால் நமது பேச்சிலும் போர்க்கால அறிக்கைகளிலும் வன்னி என்றால் கிளிநொச்சியும் அடங்கும். "வன்னியில் காணாமற்போனார்" என்று மட்டும் எழுதினால், வாசிப்பவர் எந்த வன்னியை எடுப்பார்? 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சென்ற தாய்மாருக்கு, கடைசியாகக் கண்ட இடத்தின் பெயர் எத்தனை முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உறுதி கற்பிக்கும் பாடம்

இதற்கான மருந்து நமது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய காணி உறுதியொன்றை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு காணியின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுவதில்லை. மாவட்டம், பிரிவு, கோயிற்பற்று, ஊர் என்று மேலிருந்து கீழே இறங்கி வருவார். பிறகு காணியின் பெயர், பரப்பு. அதன்பின் கிழக்கே யாருடைய காணி, வடக்கே எந்த ஒழுங்கை, மேற்கே எது, தெற்கே எது என்று நான்கு எல்லைகளும் வரும். கணனி விஞ்ஞானிகள் 'மேல் இடம்', 'அயல்' என்று கூறுபவை இவையே. பெயர் ஒன்று பத்து இடங்களில் இருக்கலாம். ஆனால் அதே நான்கு எல்லைகளோடு இன்னொன்று இருக்காது.

விவிலியமும் இவ்வாறே செய்கிறது. பெத்லெகேம் என்று யூதாவிலும் ஒன்று, செபுலோனிலும் ஒன்று. எனவே இறைவாக்கினர் மீக்கா எப்ராத்தா என்ற பெயரையும் சேர்த்துக் கூறுகிறார். திருத்தூதர் பணிகளின் ஒரே அதிகாரத்தில் சிரியாவின் அந்தியோக்கியாவும் வருகிறது, பிசிதியாவின் அந்தியோக்கியாவும் வருகிறது. லூக்கா இரண்டாவதைக் குறிக்கும்போது பிசிதியாவைச் சேர்த்தே எழுதுகிறார். வாசிப்பவர் அந்த நாட்டவரல்லர் என்பதை அவர் மறக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

காணி, பதிவு, காணாமற்போனோர், நட்டஈடு ஆகிய எவ்விடயத்தில் எழுதினாலும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. ஊரின் பெயரோடு கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம் மூன்றையும் எழுதுங்கள். கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை விடாதீர்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் இத்தகைய பிரிவுகள் 435. நாடு முழுவதிலும் 14,000க்கு மேல். எழுத்தும் இலக்கமும் சேர்ந்த அந்தக் குறியீட்டில் பெயர்க் குழப்பம் இல்லை. பிரிவுகள் பின்னர் மாறியிருக்கலாம் என்பதால், எந்த ஆண்டின் இலக்கம் என்பதையும் குறியுங்கள்.

2. இரண்டு அயலூர்களை எழுதுங்கள். ஒரு குளம், ஒரு கோவில் அல்லது ஆலயம், ஒரு பாடசாலை ஆகியவற்றில் ஒன்றையாவது சேருங்கள்.

3. ஆண்டை எழுதுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கு வாழ்ந்தீர்கள், உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டு, அப்போது எந்த மாவட்டம் என்பன.

4. மற்ற மொழிப் பெயர்களையும் எழுதுங்கள். ஊரின் ஆங்கில, சிங்கள வடிவங்களை உங்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பிரதி செய்யுங்கள். பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபட்டால் எல்லா வடிவங்களையும் எழுதி, "இவை ஒரே ஊர்" என்று குறிப்பிடுங்கள்.

5. இருக்கும் இடத்தையும் சொந்த இடத்தையும் தனித்தனியே எழுதுங்கள். 'தற்போதைய முகவரி', 'காணி அமைந்துள்ள இடம்' என்று தலைப்பிட்டு வெவ்வேறு வரியில் எழுதினால் ஆளும் மயங்கார், கணனியும் மயங்காது.

6. ஊருக்குப் போகும்போது காணியில் நின்று கைத்தொலைபேசியின் வரைபடத்தில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு ஒன்பது, எட்டு, ஏழு என்பதுபோல் தொடங்கும் ஓர் எண், கிழக்கு எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று என்பதுபோல் தொடங்கும் மற்ற எண். இவை பூமியில் ஓர் இடத்தையே காட்டும். உறுதியின் பிரதியோடு இதையும் வைத்திருங்கள். இந்த எண்கள் இடத்தைத்தான் காட்டும், உரிமையைக் காட்டா. உரிமைக்கு உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கம் என்பனவே வேண்டும்.

7. தேடும்போது ஒரு வடிவத்தோடு நின்றுவிடாதீர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலோ வர்த்தமானியிலோ தேடும்போது ஊரின் எல்லாப் பெயர்களையும், பிறகு அயலூர்களின் பெயர்களையும் இட்டுப் பாருங்கள். அறிவித்தலில் உங்கள் ஊரின் பெயர் இல்லாதிருக்கலாம். அயலிலுள்ள பெரிய ஊரின் பெயரால் உங்கள் காணி குறிக்கப்பட்டிருக்கலாம்.

உதாரணமாக ஒரு குடும்பம் இவ்வாறு எழுதலாம்: "காணி அமைந்துள்ள இடம்: முல்லைத்தீவு மாவட்டம், புதுக்குடியிருப்பு பிரதேச செயலர் பிரிவு, புதுக்குடியிருப்பு, ஆங்கிலச் சுருக்கம் பி.ரி.கே. அயலூர்கள் இரணைப்பாலை, ஆனந்தபுரம். 2009 வரை அங்கு வாழ்ந்தோம். தற்போதைய முகவரி: கொழும்பு 13, கொட்டாஞ்சேனை." இதன்பின் எந்தப் புதுக்குடியிருப்பு என்று கேட்க எவருக்கும் இடமில்லை.

பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள்

இறுதியாக ஒன்று. அகராதியிலும் வரைபடத்திலும் ஏறாத பெயர்களே நமது கிராமங்களில் அதிகம். சிறு குளம், வாய்க்கால், வயல் வெளி, மேய்ச்சல் தரை, பழைய வண்டிப் பாதை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இவை அறுபது, எழுபது வயதைத் தாண்டியோரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கொழும்பில் மாடிவீட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இவை தெரியாது. தெரியாத பெயரில் உரிமை கேட்கவும் முடியாது.

ஒரு கொப்பியை எடுங்கள். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ நடுவில் இருத்துங்கள். வீட்டு வாசலிலிருந்து தொடங்கி வயலுக்குப் போகும் வழியைச் சொல்லச் சொல்லுங்கள். வழியில் வரும் ஒவ்வொரு பெயரையும், அதன் நான்கு பக்கத்திலும் என்ன இருந்தது என்பதையும் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு சிறு படமும் கீறட்டும். இரு பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஊரில் மீள்குடியேறியவர்கள் இருந்தால் அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணனி இன்னும் திருந்தும். அகராதிகளும் வளரும். ஆனால் அவை எவரேனும் எழுதி வைத்ததைக் கொண்டே வளர்கின்றன. நமது ஊரை அதன் எல்லைகளோடு எழுதி வைக்க வேண்டியவர்கள் அங்கு வயல் உழுதவர்களே. அந்தக் கொப்பியை இந்த மாதத்திலேயே தொடங்குங்கள்.